மீன்கடையில் ஒரு ஜெர்மன் நாவல்

2009இல் லண்டனில் ஜெர்மன் நாவல்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அங்கே ஈஸ்ட் ஹாம் பகுதியில் நான் மீன் வாங்கும் கடைக்காரர் ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு வந்த யாழ்ப்பாணத்துக்காரர். நெடிய உடம்பு, நரைத்த மீசை. ஈரக்கை படாதிருக்க, நான் கொடுக்கும் ஜெர்மன் நாவலைப் பாலிதீன் பைக்குள் விரித்துவைத்து வாசிப்பார். இரண்டு பக்கம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு புரட்டுவார்.

அப்படி ஒரு நாவலை ஒருநாள் திருப்பித் தந்தார். இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு, கிழக்கே ஓர் அகதி விடுதியைக் கும்பல் தாக்கும் கதை. அப்படித் தாக்கப்பட்ட ஒரு விடுதியில் அவரும் இருந்தவர்.

"உள்ளதை உள்ளபடி எழுதியிருக்காரா அண்ணா?"

"ஓம் தம்பி. கல்லெறி, கூச்சல், நிண்டு கைதட்டின சனம், எல்லாம் சரி. ஆனா பக்கத்து வீட்டு மனுசியைக் காணேல்லை. எங்களை உள்ளுக்கு எடுத்துக் கதவைப் பூட்டினவ. பிள்ளைக்குப் பால் காய்ச்சித் தந்தவ. வேற புத்தகத்திலயாவது அவ வாறாவோ?"

"நாவல்னா கற்பனைதானே அண்ணா?"

"கற்பனை எண்டால் இன்னும் லேசுதானே! ஒரு மனுசியைச் சேர்க்கிறது அவ்வளவு கஷ்டமோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பயத்தில பேரைக் கேக்க மறந்திட்டன், தம்பி. இந்த எழுத்தாளர்களாவது அவவுக்கு ஒரு பேர் வைச்சிருக்கலாம்."

இன்றும் புதிதாக ஒரு ஜெர்மன் நாவல் கிடைத்தால், அவருக்காக அந்தப் பெண்மணியைத் தேடிப் பார்க்கிறேன்.