கிராணியார் காடிக்கு மூன்று மூஞ்சி

தகரம் தட்டிப் பிழைக்கிறவனிடம் நசுங்காத காரை, எங்கள் பேச்சில் காடியை, யாரும் கொண்டு வருவதில்லை. அப்படிக் கொண்டு வந்த ஒரே மனிதர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார்தான். பிரிஞ்சாங்கில் அப்போது எனக்குப் பட்டறை. “நாளைக்குத் தர்றேன்” என்ற பட்டறைக்காரன் சொல்லை நம்பி மாதக்கணக்கில் பஸ்ஸில் தொங்கிய அன்பர்களே, இது உங்களுக்குத்தான். அந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காடியின் பேரைச் சொல்ல மாட்டேன். அதில் மூன்று தலைமுறை வந்தது. மூன்றையும் ஒரே காடியில் காட்டியவன் நான். ஜப்பான்காரன் கேள்விப்பட்டால் அழுவான்.

மீசை மூஞ்சி

எழுபதுகளில் கிராணியார் பழசாக வாங்கியது முதல் தலைமுறை. முன்னால் நாலு உருண்டை விளக்கு. பம்பர் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மீசை மாதிரி இரண்டு ஓரமும் முறுக்கியிருக்கும். மூக்கோ மகா நீளம். அது வளைவில் திரும்பியதும் நாங்கள் உள்ளே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்து வாலை வழியனுப்புவோம்.

அதில் மாமியாரை ஏற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. வருஷா வருஷம் தானா ராத்தா கோயில் திருவிழாவுக்கு அந்தம்மா ஈப்போவிலிருந்து மகனோடு வருவார். மகனுக்கும் அதே ரகக் காடி, ஆனால் புதுசு. கிராணியார் வீட்டில் பசியாறிவிட்டுக் கிளம்பும்போது இரண்டு காடியையும் பார்ப்பார். பெருமூச்சு விட்டு மகன் காடியின் பின்சீட்டிலேயே மடங்கி ஏறிவிடுவார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே வேடிக்கை பார்க்கும். கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒரு வாரம் சிரிப்பார்கள். கிராணியார் என்னிடம் ஓடி வந்தார்.

“மச்சான் காடிக்குப் புது மூஞ்சி வந்துருச்சுலா! அதான் அத்தை அங்க ஏறுறாங்க. என் காடி மீசைய எடுத்துருங்கண்ணே!”

சவரம் செய்த மூஞ்சி

இரண்டாம் தலைமுறைக்கு மீசை கிடையாது. சதுர விளக்கு, பெரிய கண்ணாடி, வழவழப்பான கன்னம். சவரம் முடித்த பேங்க் ஆபீசர்தான். எனக்கென்னவோ பழைய மீசைதான் அழகு. ஆனால் வேலை வேலைதானே.

தேயிலைத் தொழிற்சாலையில் கழித்த தகரத்தை அடித்து நிமிர்த்தி மூக்கை ஒட்டினேன். மழை பெய்தால் பானெட்டிலிருந்து வடிகிற தண்ணீர் டீ மாதிரி சிவந்திருக்கும். சீனி போட்டுக் குடித்தவர்கள் உண்டு.

அந்த வருஷத் திருவிழாவுக்கு வந்த மாமியார் அந்த மூக்கைத் தடவிப் பார்த்தார். மகன் காடியில் ஏறினார். வாசலில் நின்ற கிராணியம்மா புருஷனைப் பார்த்துச் சொன்னது:

“எங்கம்மா மூஞ்சியப் பார்க்கிற ஆளா இருந்தா, என்னை உங்களுக்குக் கட்டிக் குடுத்திருப்பாங்களா?”

கண் முழிக்கும் மூஞ்சி

எண்பதுகளில் வந்த மூன்றாவது, கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டை. எல்லாம் மடிப்பு, எல்லாம் முனை. விளக்கு பானெட்டுக்குள் தூங்கும். சுவிட்சைத் தட்டினால் எழும்பும். மச்சான் அதையும் வாங்கிவிட்டார், கிராணியார் மறுபடி என்னிடம் ஓடி வந்தார். விளக்கை எழுப்ப என்னிடம் மோட்டார் ஏது? மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியைப் பூட்டி, பிடியை இடதுபக்க முன்சீட்டில் வைத்தேன். இழுத்தால் முழிக்கும், விட்டால் தூங்கும். திரிங்காப் பக்கத்து மூடுபனியில் சோதித்தபோது எதிரே வந்த காய்கறி லோரிக்காரர் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினார்:

“ஐயோ தம்பி, உன் காடி என்னைப் பார்த்துக் கண்ணடிக்குதுலா!”

முன்சீட்டு

திருவிழா அன்று காலையிலேயே பனி. விளக்கில்லாமல் நகர முடியாது. “கம்பி இழுக்கவா கழுத்த நீட்டினேன்?” என்று கிராணியம்மா பின்சீட்டுக்குப் போய்விட்டார். கம்பி அறுந்தால் கட்ட நானும் அங்கேதான், முழங்கால் காதை இடிக்க மடங்கியிருந்தேன். மச்சான் காடியில் அவர் மனைவி முன்னால் உட்கார்ந்தாயிற்று. மாமியார் இங்கே பார்த்தார், அங்கே பார்த்தார். விறுவிறுவென்று வந்து எங்கள் முன்சீட்டில் அமர்ந்து, காலை நீட்டி, பிடியை இழுத்தார்.

லயத்துச் சனம் கை தட்டியது. தானா ராத்தா வரை அந்தம்மா காடியின் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தார். எதிரே வந்த பஸ்கூட ஒதுங்கி வழிவிட்டது. கிராணியார் வேகத்தைக் குறைத்தார். “இந்த மூஞ்சி பிடிச்சிருக்கா அத்தை?” என்றார்.

“பின்னால மடங்கிப் போறவளுக்கு எந்த மூஞ்சியா இருந்தா என்ன மருமகனே? முன்னால உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மீசை வச்ச காடியிலயே ஏறியிருப்பேன்லா!”

மாமியாரிடம் நேராகக் கேட்கத் தயங்குகிற மருமகன்கள் இருக்கிறவரை, தகரம் தட்டுகிறவன் பட்டினி கிடக்க மாட்டான்.