ஒலிக்காத அலாரத்துக்காக ஜெபித்தேன்

உடன் விசுவாசிகளே, இதில் என் மானமும் கொஞ்சம் போகிறது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில் ஓர் அலாரம் ஒலிக்கவில்லை. பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் படுக்கைக்கு நாங்கள் செய்த அலாரம் அது. சூடு அளவு மீறினால் கத்த வேண்டும். பல முறை கத்தியது. எப்போதாவது ஒரு முறை ஊமையாக இருந்தது. அந்த ஒரு முறை படுக்கையில் ஒரு குழந்தை இருந்தால்?

திங்கட்கிழமை மருத்துவமனையிலிருந்து பார்க்க வருகிறார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் இந்த வேலையைப் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு, ஐந்து பேர் இருக்கும் எங்கள் அலுவலகத்தை மூடிவிடுவதாகத் தலைமையகம் சொல்லிவிட்டது.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிப் எனும் சில்லுக்குள் இருக்கும் மின்சுற்றை எழுத்தில் விவரிப்பதற்கென்று ஒரு மொழி இருக்கிறது. அதில் பல பகுதிகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொரு பகுதியையும் புரோசஸ் என்போம். ஒன்றுக்குள் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. நடுவில் இருக்கும் சிக்னல் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். சூட்டைக் கவனிக்கும் புரோசஸை நான் எழுதினேன். அலாரத்தை ஒலிக்கச் செய்வதை எழுதியவள் சங்கரி, திருநெல்வேலி டவுன்காரி. தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் சரி. சேர்த்தால் கோளாறு.

தவறு அவளுடையதுதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று நாளாக அதையே சொன்னேன். வெள்ளிக்கிழமை அவள் கணினியை மூடிவிட்டு, "நான் ஒவ்வொரு வரியா பாத்துட்டேன் அண்ணாச்சி. இனி நீங்களே பாருங்க" என்று எழுந்து போய்விட்டாள். கண் சிவந்திருந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்பதையும் சொல்லவேண்டும். "ஆண்டவரே, அவள் எழுதினதில் இருக்கும் தவறை அவளுக்குக் காட்டும்." இதுதான் என் ஜெபம்.

மறுநாள் திசையன்விளைக்குப் பக்கத்தில் எங்கள் சபையின் அசனம். ஊரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். போக மனமில்லை. ஆனால் குழம்பு வாளி தூக்குவது எங்கள் வீட்டு முறை. போனேன்.

பந்தியில் குழம்பு தீர்ந்தது. குழம்பு கொதிக்கும் பெரிய கிடாரத்தருகே போய், "குழம்பு!" என்று ஒரு சத்தம் கொடுத்து, காலி வாளியைக் கீழே வைத்தேன். யாராவது நிரப்பிக் கொண்டுவருவார்கள் என்று நினைத்து, பந்தியின் மறுகோடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். சிறிது நேரத்தில் என் சித்தப்பா மகன் தாசன் கரண்டியோடு வந்து நின்றான்.

"ஏலே செல்வா, பந்தி பூரா வெறுஞ்சோத்தப் பாத்துக்கிட்டு இருக்கு. குழம்பு எங்கலே?"

"கேட்டேன்லா. நீதான் ஊத்தல."

"எப்பலே கேட்ட? நான் கிடாரத்துக்குள்ள தலைய வுட்டு அடி கிண்டிக்கிட்டு இருந்தேன். ஒத்தச் சத்தம் போட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிட்டா, எனக்கு என்ன முதுகுலயா காது இருக்கு? வாளிய தூக்கிப் புடிச்சிக்கிட்டே நிக்கணும்லா! நெறஞ்ச வாளி கைக்கு வந்த பொறவுதான் கைய எறக்கணும். பெங்களூர் கம்பெனிக்கு வேல செய்யுதான், வாளி புடிக்கத் தெரியல!"

பந்தி முழுவதும் சிரித்தது. நான் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றேன்.

என் புரோசஸ் அதையேதான் செய்துகொண்டிருந்தது. சூடு மீறியதும் ஒரே ஒரு கணம் சிக்னல் கொடுத்துவிட்டு, சொல்லியாயிற்று என்று நகர்ந்துவிடும். சங்கரியின் புரோசஸ் அவ்வப்போது தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். என் சிக்னல் அந்த நேரத்தில் வந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. தவறு என்னுடையது.

பந்தலுக்கு வெளியே வந்து அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"சங்கரி, உன் பகுதியில ஒண்ணுமே இல்லம்மா. தப்பு எங்கிட்டதான். மூணு நாளா உன்னையப் போட்டு வாட்டிட்டேன். மன்னிச்சிரு."

 "அசனச் சோறு தின்னா இப்படித்தான் உண்மை வருமோ அண்ணாச்சி?" என்றாள். "நான் ஆபீசுக்கு வாரேன். கறி வேண்டாம், கத்திரிக்கா மாங்கா கூட்டு இருந்தா தூக்குச்சட்டில கொண்டாங்க."

பஸ் பிடித்துப் போனேன். அலாரம் தன்னைச் சோதிக்கும் அந்த நேரமாகப் பார்த்துச் சூட்டை ஏற்றினோம். ஒலிக்கவில்லை. மறுபடியும் ஏற்றினோம். ஒலிக்கவில்லை. கோளாறு கையில் சிக்கிவிட்டது என்று, ஒலிக்காததற்காக இரண்டு பேரும் கைதட்டினோம்! பிறகு மாற்றி எழுதினேன். பெற்றுக்கொண்டேன் என்று அலாரம் பதில் தரும்வரை என் சிக்னல் இறங்காது. நான் இறக்கிய பிறகே அந்தப் பதிலும் இறங்கும். வெயில் சாய்வதற்குள் முடிந்தது. எந்த நேரத்தில் சூட்டை ஏற்றினாலும் அலாரம் கத்தியது. கீழ்த்தளத்துத் தையல்காரர் மேலே வந்து சண்டை போட்டார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

திங்கட்கிழமை வந்த தலைமை நர்ஸ், "இன்னொரு தரம்" "இன்னொரு தரம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் காதைப் பொத்திக்கொண்டு, "போதும்யா, நம்புதேன்" என்றார். அலுவலகம் தப்பியது. சில வாரங்களுக்குப் பிறகு அவரே தொலைபேசியில் அழைத்தார். அதிகாலையில் வார்டில் அலாரம் கத்தியதாம். ஓடிப்போய்ச் சூட்டைக் குறைத்தார்களாம். குழந்தை சுகமாகத் தூங்குகிறதாம். அந்தக் குழந்தையின் பெயர் எனக்குத் தெரியாது. அன்று என் மேசையில் தலைகவிழ்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அடுத்தவர் தவறைக் காட்டும்படி நான் இப்போது ஜெபிப்பதில்லை. என்னை ஆராய்ந்து பாரும் என்றுதான் தொடங்குகிறேன். பிரியமானவர்களே, உங்கள் வேலையில் எவ்வளவு சின்னச் சிக்கலாக இருந்தாலும் அவரிடம் கொண்டுபோங்கள். நான் தப்பான ஜெபம் செய்தேன். அவர் சரியான பதில் தந்தார். உங்களுக்கும் தருவார்.