அண்ணியின் இமைமுடிகள்

2024-ஆம் ஆண்டு ஜனவரி 19, வெள்ளிக்கிழமை, காலை பத்து நாற்பது. வெயில் ஏறவில்லை, கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது, வானம் மங்கலாக இருந்தது. காலடிப்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியிலிருந்த அழகு நிலையத்தில் என் அண்ணி கண்களை மூடி மல்லாந்து படுத்திருந்தார். கீழ் இமைகளின்மேல் வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. அவருடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது வயது அறுபத்தொன்பது, அண்ணிக்கு ஐம்பத்தெட்டு. அண்ணன் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர்களுடைய ஒரே மகளுக்கு அடுத்த வியாழக்கிழமை, அதாவது ஆறு நாளில், கல்யாணம்.

இரண்டு மணி நேரம் கண்ணைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், வருகிறீர்களா என்று அண்ணி கேட்டார். எங்கே, எதற்கு என்று விசாரிக்காமல் கிளம்பி வந்தது என் பிழை. வந்த பிறகுதான் இமைமுடி ஒட்டுவதற்கென்றே கடை இருப்பது தெரிந்தது. தைராய்டு மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு அண்ணிக்கு இமைமுடி கொட்டி, இருந்ததும் மெலிந்துபோயிருந்தது. அவரோடு இத்தனை வருடம் பேசிப் பழகிய நான் அதைக் கவனித்ததே இல்லை. முந்தின வாரமே வந்து நாலு முடி மட்டும் ஒட்டிக்கொண்டு போய், அரிப்பு எடுக்கிறதா என்று பார்த்திருந்தாராம். வெள்ளிக்கிழமை படுக்கும் முன் முடி ஒட்டும் பார்லர் பெண் ஒரு தட்டை நீட்டினாள். எட்டு மில்லிமீட்டரிலிருந்து பதினான்குவரை வரிசையாகக் கறுப்பு முடிகள். அண்ணி பன்னிரண்டில் விரலை வைத்தார். "உன் முடி நோஞ்சானா கீதும்மா. பன்னெண்டு வெச்சா வெயிட்டு தாங்காம சொந்த முடியும் சேர்ந்து வந்துடும். பத்து போதும்," என்றாள் அவள். பத்துதான் முடிவாயிற்று.

நான் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் மூட்டைக் கணக்கு எழுதியவன். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணிப் பழகிய கை சும்மா இருக்காது. அந்தப் பெண் இடுக்கியால் முடியை எடுத்துப் பசையில் தொட்டு, அண்ணியின் முடி ஒவ்வொன்றின்மேலும் ஒவ்வொன்றாக வைக்க வைக்க, நான் மடியிலிருந்த பேப்பரின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். வலது கண் ஐம்பத்தெட்டு, இடது கண் அறுபத்தொன்று. மூன்று குறைகிறது என்று சொன்னேன். "இன்னா தாத்தா, மூட்டையா எறக்கிகினு இருக்கோம்?" என்றாள். பட்டைக்கு மேலே மூடிய கண்ணோடு அண்ணியின் வயிறு குலுங்கியது. அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

பராமரிப்புக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் பதினொரு குறிப்புகள். அண்ணிக்கு ஆங்கிலம் வராது என்பதால் திரும்பும்போது ஆட்டோவில் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது, ஆவி படக்கூடாது, குப்புறப் படுக்கக்கூடாது, கண்ணைத் தேய்க்கக்கூடாது, தினம் சின்ன பிரஷால் சீவ வேண்டும். ஏழாவது, எண்ணெய் படக்கூடாது, பசை இளகிவிடும். நான் வாசித்தேன். ஏழாவது என்பதுகூட நினைவிருக்கிறது. அட்டையை மடித்து என் சட்டைப் பையில்தான் வைத்துக்கொண்டேன். பதினொன்றும் உங்கள் பொறுப்பு என்று அண்ணி சொல்லிவிட்டார்.

இந்த வயதில் இது எதற்கு என்று வழியில் கேட்டேன். மேடையில் தாரைவார்த்துக் கொடுக்க நானும் என் மனைவியும் உட்காருவதாக ஏற்பாடு. புருஷன் இல்லாதவர் மேடைக்கு வருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அண்ணி அதைப் பற்றி ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. "நான் மேடைக்கு வரல தம்பி. கீழே மொதல் வரிசையில குந்திகினு இருப்பேன். படம் புடிக்கிறவன் ஒரு தபா என் பக்கம் திரும்புவான் இல்ல? என் கல்யாண ஆல்பத்துல ஒரு படத்துலகூட என் கண்ணு தெரியாது. குனிஞ்சே கெடக்கிறேன். எம் பொண்ணு கல்யாணத்துலயாவது ஒண்ணு தெரியட்டும்," என்றார். பிறகு ஒருநாள் அந்த ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு படங்கள். அவர் சொன்னது சரி.

சேதி பரவ இரண்டு நாள் பிடித்தது. ராயபுரத்திலிருந்து என் அக்கா போன் செய்தார். "கண்ணாலம் பொண்ணுக்கா, தாயாருக்கா? அவ ஆடுறான்னா நீ வேற பையத் தூக்கிகினு பின்னால போனியாமே." அடுத்த இரண்டு நாளும் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள், எத்தனை பேர் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் திருவொற்றியூரில் அண்ணி வீட்டுக்குப் போனேன். கன்டெய்னர் லாரிகள் நிற்கும் தெரு; கதவைச் சாத்தினாலும் புழுதி உள்ளே வரும். கண் உறுத்துகிறது, தேய்க்கவும் கூடாதே என்று பரிதவித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் கண் சூட்டுக்கு இமையில் விளக்கெண்ணெய் தடவுவது எப்போதும் உள்ளது. நான் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் புட்டியை எடுத்து வந்தேன். "எண்ணெ படலாமா தம்பி? அந்தப் பொண்ணு இன்னாமோ சொல்லிச்சே," என்று அண்ணி கேட்டார். விளக்கெண்ணெய் மருந்து, அது எண்ணெயில் சேராது என்றேன். சரி என்று முகத்தை நிமிர்த்திக் கண்களை மூடிக்கொண்டார். கண்ணுக்கு ஒரு சொட்டு வீதம் இரண்டு சொட்டு. விரலால் நானே நீவிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் தலையணை உறையில் நாற்பத்து மூன்று முடி கிடந்தது. மீதி கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணியை அழைத்துக்கொண்டு பார்லருக்குப் போனேன்; அந்தப் பெண் பார்த்ததும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டாள். மிச்சத்தை மருந்து வைத்துக் கழற்றினாள்; சொந்த முடியும் சில போய்விட்டிருந்தன. இமை சிவந்திருப்பதால் மறுபடி ஒட்ட மாட்டேன், இரண்டு வாரமாவது ஆகட்டும் என்றாள். இருமடங்கு தருகிறேன் என்றேன். "துட்டு விஷயம் இல்ல தாத்தா, கண்ணு விஷயம்," என்றாள். அண்ணி படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வுடுங்க தம்பி. நல்லதுக்குத்தானே செஞ்சீங்க," என்றார்.

அதுதான் எனக்கு விளங்கவில்லை. எதையும் மறக்காதவன், ஏழாவது குறிப்பை மட்டும் எப்படி மறந்தேன்? மறந்தேனா? புட்டியை எடுக்க இருபது நிமிடம் நடந்து போய், இருபது நிமிடம் திரும்பி வந்திருக்கிறேன். அந்த நாற்பது நிமிடத்தில் அட்டை என் சட்டைப் பையிலேயே இருந்தது. விளக்கெண்ணெய் மருந்துதான் என்று நிஜமாகவே நம்பினேன்; இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் முடி உதிர்ந்துவிட்டது என்று அண்ணி போனில் சொன்னபோது, என் மனசு ஒரு கணம் லேசாயிற்று. அந்த ஒரு கணத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்கு முன் புகைப்படக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் வரிசையில் இருக்கும் அந்த அம்மா நிமிரும்வரை காத்திருந்து ஒரு படம் எடுங்கள் என்று கையில் பணம் வைத்தேன். தாலி ஏறும்போது அண்ணி நிமிர்ந்தார். ஆல்பத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். அது நூற்று எழுபத்தாறாவது. முடியில்லாத, ஓரம் சிவந்த இமைகள், அகலத் திறந்த கண்கள். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. மேடையில் மகளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த என்னைத்தான் பார்க்கிறார். இப்போது மகளோடு ஓசூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து என் சர்க்கரை அளவை விசாரிக்கிறார். இமைமுடி பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தப் படத்தை மட்டும் தனியாக ஒரு பிரதி போட்டு வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். அந்தப் பார்வை கோபமா, நன்றியா, எல்லாம் தெரியும் என்பதா. ஒரு நாள் ஒன்றாகத் தெரிகிறது, மறுநாள் வேறாகத் தெரிகிறது.

பார்லருக்கு அண்ணி கொடுத்ததற்கு ஈடாக மொய்க் கவரில் கூடுதலாக வைத்தது இரண்டாயிரத்து எண்ணூறு, புகைப்படக்காரருக்கு ஐந்நூறு, பிரதிக்கு நூற்று இருபது. விளக்கெண்ணெய் வீட்டில் இருந்தது; அதைச் சேர்க்கவில்லை. மொத்தம் மூவாயிரத்து நானூற்று இருபது ரூபாய்.