ரெண்டு தட்டு

மெஷினக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் திருப்புளியைக் கீழே வைத்துவிடுவாள். கையில் இருந்தால் அது எங்கே போய்ப் பாயும் என்று அவளுக்கே தெரியாது. அன்று காலை கடையைத் திறந்த கையோடு போனைப் பார்த்தவள் திருப்புளியை வைத்தாள், கண்ணாடியைக் கழற்றி வைத்தாள், டீ டம்ளரையும் தள்ளி வைத்தாள். எதிரே ஸ்டூலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். முப்பத்தாறு வருஷ அனுபவம்.

"காலரைக் குரூப்பை விட்டுத் தூக்கிட்டானுங்க," என்றாள்.

"யாரு, அந்த விரல்ல ஊசி இறங்கின பொண்ணையா?"

"அவளேதான். அஞ்சு நாளாக் கட்டோட கிடக்கிறா. அவளைத் தூக்கியிருக்கானுங்க. என்னைக் கேக்காம! நான் பெத்து வளத்த குரூப்புலேர்ந்து!"

அந்தக் குரூப் யாருடையது என்று தெரிந்தால்தான் இந்தக் கோபத்தின் எடை தெரியும்.

அக்கா தையல் மெஷின் மெக்கானிக். படிப்பு ஐந்தாவது. பதினாலு வயதில் ஒரு கம்பெனியில் நூல் வெட்ட உட்கார்ந்தாள். மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். இவள் குனிந்து மெஷினின் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்தாள், திறந்தாள், கையைக் கிழித்துக்கொண்டாள், கற்றுக்கொண்டாள். பொம்பளை கையில் ஸ்பானரா என்று இளித்தவர்கள் பின்னாளில் மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு அவள் கடை வாசலில் நின்றார்கள். இதை அவள் தினம் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவாள். சொல்லட்டுமே. சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாதவர்கள்தான் அடக்கம் அடக்கம் என்பார்கள்.

அவளுக்குக் காதுதான் டிகிரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மாடிப்படியில் மெஷினை இறக்க முடியாத ஒரு வாடிக்கைக்காரி போன் செய்தாள். "இறக்க வேணாம். போனைப் பக்கத்துல வெச்சுட்டு ஓட்டு," என்றாள் அக்கா. ஓட்டத்தைக் கேட்டாள். "ஹூக்குல நூல் சிக்கியிருக்கு, வலது பக்க ஸ்க்ரூவைத் தளர்த்து." அவ்வளவுதான், மெஷின் பாட ஆரம்பித்துவிட்டது. அந்த வாடிக்கைக்காரி இன்னொருத்தியைச் சேர்க்க, அவள் நாலு பேரைச் சேர்க்க, இருநூற்று நாற்பது பேர் ஆனார்கள். பேர் 'ஊசிமுனைக் குடும்பம்'. பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. ஆனால் இருமலை வைத்தே இது யார் என்று சொல்லிவிடுவார்கள்.

அங்கே எழுத்துக் கிடையாது. எல்லாம் குரல்தான். "எழுத்துல மெஷின் சத்தம் கேக்குமா?" என்பாள் அக்கா. எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு நேரமாகும் என்பது வேறு விஷயம். அதை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கேள்வி கேட்கிறவர் மெஷின் ஓடுகிற சத்தத்தை அனுப்ப வேண்டும். தெரிந்தவர் யாரும் பதில் சொல்லலாம். ஆனால் அக்கா கேட்டுவிட்டு, திருப்புளியின் பிடியால் இரும்பு மேஜையில் ரெண்டு தட்டுத் தட்டி அனுப்பும்வரை யாரும் மெஷினில் கை வைக்கக் கூடாது. டக், டக். அது வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

மதியம் ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரம், ஊசி விற்கிற கடைக்காரர் ஆரம்பிப்பார்: "இன்னைக்கு யார் வீட்டுச் சாப்பாட்டுல உப்பு இல்ல? கையைத் தூக்குங்க." நாலு மூலையிலிருந்தும் சிரிப்பு வரும். ஒருத்தரின் அப்பாவுக்கு ரத்தம் வேண்டும் என்றபோது ஒரு மணி நேரத்தில் ஆறு பேர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். சட்டைக் காலர் தைப்பதால் காலர் என்றே பேர் வாங்கிய பெண், தன் கம்பெனி மாடிப்படிக்கு அடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவள். போனைச் சாப்பாட்டு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொள்வாள். கடைக்காரர் ஜோக்கை முடிக்கும் முன்பே சிரித்துவிடுவாள். "இரும்மா, இன்னும் ஜோக்கே வரல," என்பார் அவர். இரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பு இல்லாமல் மதியச் சாப்பாடு முடிந்ததில்லை.

அந்தப் பெண்ணைத்தான் தூக்கியிருந்தார்கள்.

அக்கா அவளைக் கூப்பிட்டாள். "யாரு தூக்கினது? எதுக்கு?"

காலர் மெதுவாகச் சொன்னாள். காலர் பட்டையைத் தைக்கும்போது ஊசிக்கு முன்னால் இருக்கிற விரல் காப்புக் கம்பியில் துணி தட்டுகிறது, வேலை ஓடவில்லை என்று மூன்று வாரத்துக்கு முன் குரூப்பில் கேட்டிருந்தாள். பதில் சொன்னது மாஸ்டர். அவளுடைய கம்பெனியிலேயே மேல் தளத்தில் ஒரு மெஷின் வரிசையைப் பார்த்துக்கொள்கிற லைன் மாஸ்டர். குரூப்பில் அக்காவுக்கு அடுத்த அட்மின். அக்கா வாய் நிறையத் தம்பி என்று கூப்பிடுகிற ஆள். கம்பியைக் கழற்றிவிடு என்று அவர் சொன்னார். இவள் கழற்றினாள். போன வாரம் ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கி உள்ளேயே முறிந்தது.

"இப்ப கம்பெனி, நீயா உன் இஷ்டத்துக்குக் கழட்டினேன்னு எழுதி நீட்டுது அக்கா. இன்னைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. நானாத்தான் கழட்டினேன்னு முடிவானா வேலையும் போச்சு, வைத்தியமும் என் தலையில. அதான் நேத்து சாயங்காலம் குரூப்ல, மாஸ்டர் அண்ணே நீங்க சொன்னதை ஆபீஸ்ல வந்து சொல்லுங்கன்னு கேட்டேன். காலையில பாத்தா அவர் குரலையும் காணோம், நானும் இல்ல."

அக்கா போனை வைத்துவிட்டு மாஸ்டரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவை எடுத்தார்.

"அக்கா, கோபப்படாதீங்க."

"கோபப்பட்டா நீ இந்நேரம் என் கடை வாசல்ல நிப்ப தம்பி, இது கோபமே இல்ல. குரலை எதுக்கு அழிச்ச?"

"குடும்ப விஷயம் வெளிய போகக் கூடாதுல்லக்கா. எல்லாரையும் கேட்டுத்தான் பண்ணேன். எல்லாரும் சரின்னுட்டாங்க."

எல்லாரும் சரி என்று சொல்லியிருந்தார்கள். பேசத் தைரியம் இல்லாமல் கும்பிட்ட கை படங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் கொழுக்கட்டையா? வருஷக்கணக்காகப் பேசியே பிழைத்த கூட்டம், பேச வேண்டிய நாளில் கையைக் கூப்பிக்கொண்டதா?

"பதினோரு மணிக்கு ஆபீஸ்ல போய், நான்தான் சொன்னேன்னு சொல்லிடு," என்றாள். "ஆம்பிளையா, லட்சணமா."

"சொன்னா என் வேலை போயிடும்."

"அவளுக்கு விரலே போயிருக்கும்டா!"

மாஸ்டர் மூச்சை இழுத்துவிட்டார். குரல் மாறியது. "நான் மட்டுமாக்கா சொன்னேன்? நீங்களும்தான் தட்டினீங்க."

"கம்பியைக் கழட்டச் சொல்லி நான் தட்டுவேனா? எவன்கிட்ட பேசற?"

"முழுசாக் கேட்டுட்டுத்தானே அக்கா தட்டினீங்க?"

வாழ்க்கையில் அக்கா பதில் சொல்லாமல் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

குரூப்பைத் திறந்து மூன்று வாரம் பின்னால் தள்ளினாள். எழுத்துக் கூட்டினாள். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது.' அதற்குக் கீழே அவளுடைய குரல் பதிவு, மூன்று விநாடி. அழுத்தினாள். டக், டக். மேலே ஒன்றும் இல்லாமல், அந்தரத்தில் தொங்குகிற மாதிரி அவளுடைய ரெண்டு தட்டு மட்டும்.

"என்னங்க, அன்னைக்கு நான் கேக்கலையா?"

வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். லாரி ஓட்டிய மனிதர். வளைத்துப் பேசத் தெரியாது. "அன்னைக்கு அந்தப் பெரிய டெய்லர் வந்து உக்காந்திருந்தாரு. ஸ்பானரைப் பாத்துச் சிரிச்சவங்க கதையைச் சொல்லிட்டிருந்த. போன் பேசிட்டே கிடந்துது. ஊசி பதினாறு போடு, அழுத்தத்தைக் குறைன்னு மாஸ்டர் ஆரம்பிச்சான். நீ, பாத்தீங்களா நான் சொல்லிக் குடுத்ததை அப்படியே சொல்றான்னு அவர்கிட்ட சிரிச்சுட்டு, அவன் குரலை அங்கயே நிறுத்திட்டுத் தட்டிட்ட. நான் தட்டாம அங்க ஒரு மெஷின் ஓடாதுன்னு வேற சொன்ன."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"உன் கடைச் சங்கதியில என்னைக்காவது என்னைப் பேச விட்டிருக்கியா?"

அக்காவுக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. திருப்புளியை ஏற்கெனவே கீழே வைத்தாகிவிட்டது. மாஸ்டர் மேல் இருந்தது, கும்பிட்ட கைகள் மேல் இருந்தது, வாயை மூடிக்கொண்டிருந்த இந்த மனுஷன் மேலும் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், ஹூக்கில் சிக்கிய நூல் மாதிரி, தன் மேலேயே ஒன்று கிடந்து கரகரத்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா என்ன?

கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

கம்பெனியின் ஆபீஸ் அறை சின்னது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அறுபது மெஷின் ஓடுகிற இரைச்சல். மேஜைக்குப் பின்னால் விசாரணை ஆபீசர், முன்னால் நிரப்பிய படிவம். நாற்காலியில் மாஸ்டர், இஸ்திரி போட்ட சட்டையில். காலர் நின்றுகொண்டிருந்தாள், கட்டுப் போட்ட விரலை இன்னொரு கையால் குழந்தையைப் போலத் தாங்கியிருந்தாள். விரலில் ஊசி இறங்கியவள் நிற்கிறாள், சொன்னவன் உட்கார்ந்திருக்கிறான். அக்கா அதைப் பார்த்தாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் ஆபீசர்.

"கம்பியைக் கழட்டலாம்னு ஒப்புதல் குடுத்தவ. சொன்னது இந்தத் தம்பி. தட்டினது நான். இந்தப் பொண்ணு அதுக்கப்புறம்தான் கை வெச்சா." போனை மேஜையில் வைத்து அழுத்தினாள். டக், டக்.

ஆபீசர் மறுபடி போட்டுக் கேட்டார். "மேஜையைத் தட்டற சத்தம். இதுல என்னம்மா இருக்கு?"

"சார், அக்காவுக்கு வயசாயிடுச்சு," என்றார் மாஸ்டர் பரிவாக. "எல்லாத்தையும் குழப்பிக்கிறாங்க."

வயசாயிடுச்சாம்! அவர் லைனில் இருபது மெஷின் நின்றபோது போனிலேயே ஓடவைத்த காது அது. அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனைக் கையில் எடுத்து, அந்த ஆபீசர் முன்னாலேயே, குரூப்பில் பேசினாள்.

"எல்லாரும் கேளுங்க. மெஷினை நிறுத்திட்டுக் கேளுங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி மாஸ்டர் சொன்னதை நான் முழுசாக் கேக்கல. ஒருத்தர்கிட்ட பெருமை பேசிட்டிருந்தேன். கேக்காமலே தட்டினேன். தப்பு என்னுது. அந்தத் தட்டை நம்பிக் காப்புக் கம்பியைக் கழட்டினவங்க எத்தனை பேரு? கழட்டினவங்க இப்பவே மாட்டுங்க. மாட்டிட்டு வாயைத் திறந்து சொல்லுங்க. கும்பிட்ட கையைப் போட்டீங்கன்னா நேர்ல வந்து உடைப்பேன்."

அனுப்பினாள். போன் சும்மா கிடந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆபீசர் பேனாவை மூடினார், திறந்தார். மாஸ்டர் சட்டைக் கைப் பட்டனைச் சரிசெய்துகொண்டார். அக்கா காலரைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அதிர்ந்தது. ஊசிக் கடைக்காரர். ஜோக்கு இல்லாத குரல். "அக்கா, என் வீட்டுக்காரி மெஷின்ல நான்தான் கழட்டினேன். மாஸ்டர் சொன்னாரு, நீங்களும் தட்டினீங்க, நம்பிக் கழட்டிட்டேன். இப்ப மாட்டிட்டேன்." பின்னால் மெஷின் பத்து நொடி ஓடியது.

அடுத்தது ஒரு பெண். "நானும் கழட்டினேன் அக்கா. மாஸ்டர் அண்ணன் கழட்டச் சொன்னாரே." அடுத்தது அக்கா முகம் பார்த்திராத ஒரு ஆள். அடுத்தது. அடுத்தது. ஒவ்வொரு குரலுக்குப் பின்னாலும் மெஷின் ஓட்டம், ஒவ்வொரு வாயிலும் அதே ரெண்டு பேச்சு: மாஸ்டர் சொன்னாரு, நீங்க தட்டினீங்க. ஆபீசர் படிவத்தின் ஓரத்தில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தார். அக்காவுக்குக் கோடு தேவைப்படவில்லை. ஒவ்வொன்றும் முதுகில் விழுந்தது. பதினேழு பேர். பதினேழு பேருடைய விரல்கள் மூன்று வாரமாக ஊசிக்கடியில் வெறுமனே போய் வந்திருக்கின்றன, அவள் ஒரு டெய்லரிடம் தன் பெருமையைச் சொல்லி முடிப்பதற்காக.

"இதை எப்படி அழிப்ப?" என்று மாஸ்டரைக் கேட்டாள். "ஒவ்வொருத்தர் வாயையும் தூக்கிடுவியா?"

ஆபீசர் நிரப்பிய படிவத்தைக் கிழிக்கவில்லை. தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புதுசாக ஒன்றை எடுத்தார். "மாஸ்டர், கொஞ்சம் வெளிய இருங்க. நீ உக்காரும்மா," என்றார்.

காலி நாற்காலியில் காலர் உட்கார்ந்தாள். அக்கா அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தாள். நன்றி என்றுகூட எதிர்பார்த்தாள், பொய் சொல்வானேன்.

"ரெண்டு நிமிஷக் குரல்தான் அக்கா அது," என்றாள் காலர், விரலைப் பார்த்தபடி. "முழுசாக் கேட்டிருக்கலாம்."

"ஆமா," என்றாள் அக்கா. அவ்வளவுதான் வந்தது.

போனை எடுத்துக் காலரை மறுபடியும் குரூப்பில் சேர்த்தாள். சேர்ந்த சத்தம் காலரின் பையிலிருந்து கேட்டது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

அப்போது பதினெட்டாவது குரல் வந்தது. கீச்சென்ற ஆண் குரல், பின்னால் மெஷின் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, நானும் கழட்டினவன்தான். கழட்டின கம்பி எங்கேயோ தொலைஞ்சு போச்சு. கையில அவசர வேலை இருக்கு. சாயங்காலம் வரைக்கும் இப்படியே ஓட்டிக்கிறேன், ரெண்டு தட்டுத் தட்டிடுங்களேன்."

"நிறுத்துடா மெஷினை!" என்று அக்கா போட்ட சத்தத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதல் வரிசையில் இருந்த நாலு பேர் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "கம்பி இல்லாம ஓட்டுவியா? உன் வீடு எங்கன்னு சொல்லு. நான் கம்பியோட வர்றேன். நான் வந்து என் கையால மாட்டற வரைக்கும் அதுல துணி வெச்சேன்னு கேள்விப்பட்டேன், தொலைச்சுடுவேன்!"

அதை அனுப்பிவிட்டு, அவன் குரலை மறுபடி ஆரம்பத்திலிருந்து போட்டாள். போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல், கடைசி விநாடி முடியும்வரை கேட்டாள்.