ஆறரை மணி வெயில்

பதினொரு வருஷமாகத் தையல்காரியின் கணவன் தினமும் காலை ஆறரைக்குப் போன் செய்வான். வடக்கே வெகுதூரத்து ஆலையில் வேலை. "இங்க சூரியன் இப்பதான் மூஞ்சியக் காட்டுது" என்றுதான் பேச்சைத் தொடங்குவான்.

குளிர்காலத்தில் ஒருநாள், அந்த ஊருக்குச் சரக்கு ஏற்றிப் போய்வந்த லாரிக்காரர் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார்.

"அங்க இப்ப ஏழரை மணிக்குத்தாம்மா சூரியனே வருது. கோழிகூட லீவு போட்டுடுச்சு!"

"கடிகாரம் வேறயாண்ணே?"

"அதே கடிகாரம்தான். வடக்க போகப்போகக் குளிர்காலத்துப் பகல் சுருங்கிடும்."

நாடாவை மூன்று முறை பிடித்தும் அவள் மனதில் அளவு நிற்கவில்லை.

மறுநாள் ஆறரைக்குப் போன் வந்தது. அவள் ஜன்னலிலும் அப்போதுதான் வெயில் விழுந்தது.

"இங்க சூரியன் இப்பதான்..."

"எந்த ஊரு சூரியன்ங்க அது?"

அவன் போனை வைத்துவிட்டான். அதன்பின் அழைக்கவேயில்லை. அந்த ஒரு பதிலை அவளுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறான்.