கெட்டி வந்த கை

எங்கள் வீட்டில் கெட்டி என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. நைனா போர்வெல் வண்டியில் வேலை பார்த்தார். திருத்தணியைச் சுற்றி எங்கே போர் போட்டாலும் முதலில் பொலபொலவென்று மண்தான் வரும். அது சரிந்து குழியை மூடிவிடாமலிருக்க பிளாஸ்டிக் குழாயை இறக்கிக்கொண்டே போக வேண்டும். பாறை தட்டினால்தான் குழாய்ச் செலவு நிற்கும், நிலத்துக்காரர் முகம் தெளியும். மேலே வரும் தூளில் ஒரு சில்லை எடுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "கெட்டி வந்துட்ச்சி" என்று நைனா சொன்னால் எல்லோருக்கும் டீ உறுதி.

நகரிப் பக்கம் கிடைத்த சில்லு ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "இது ஒரு காலத்துல வெறும் மணலுதான். மேல பாரம் ஏற ஏற இறுகிப் போயிருக்குது" என்றார். உலகத்தில் மெத்தென்று இருப்பதெல்லாம் கெட்டியாவதற்குக் காத்துக்கொண்டிருப்பதாக நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

நான் மூன்றாவது படிக்கும்போது நைனாவுக்கு இருமல் நிற்காமல் போயிற்று. காசநோய் என்றார்கள். வாயை மூடித் துண்டு கட்டிக்கொண்டு முன்னறையில் தனியாகப் படுத்தார். எங்களைத் தொடுவதையே விட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

அம்மா அண்ணனையும் என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நர்சம்மா இருவருக்கும் முன்கையில் சின்னதாக ஓர் ஊசி போட்டார். "ரெண்டு நாள் கழிச்சி வாங்க. தேய்க்காதீங்க, சொறியாதீங்க. அந்த இடம் கெட்டியாவுதான்னு பாக்கணும்." இதற்குமேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டும்? பரீட்சை என்று புரிந்துவிட்டது.

மறுநாளே அண்ணன் கை சிவந்து வீங்கியது. என் கை சப்பையாகக் கிடந்தது. "என்னுது பாறை, உன்னுது மண்ணு" என்று அவன் என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தான். வீக்கம் வடியட்டும் என்று அம்மா மலைக்கோயில் சந்தனத்தைக் குழைத்து இருவர் கையிலும் தடவினாள். நான் என்னுடையதை மட்டும் ரகசியமாகக் கழுவிவிட்டேன். பாரம் ஏறினால்தானே இறுகும்? அம்மிக் குழவியை உருட்டி வந்து கைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா பார்த்து முதுகில் ஒன்று வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா சந்தனத்தைத் துடைத்துவிட்டு, அண்ணன் கையை அழுத்தி, இரண்டு பக்கமும் பேனாவால் கோடு போட்டு அளந்தார். "செவப்பு கணக்கில்லீங்க, கெட்டிதான் கணக்கு. இவனுக்கு நல்லாவே இருக்குது. பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல." நான் அங்கேயே அழ ஆரம்பித்தேன். அந்த அழுகையில் அவர் மேற்கொண்டு சொன்னது என் காதில் ஏறவில்லை. அண்ணன் உடம்புக்குள் கிருமி போயிருக்கிறது, இன்னும் நோயாகவில்லை, மாத்திரை சாப்பிட்டால் வராமல் தடுத்துவிடலாம் என்றாராம். அம்மா பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். அண்ணன் இன்று அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருக்கிறான், அரிசி மூட்டையைத் தனியாகத் தூக்குவான். நைனாவும் பிறகு தேறிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா தணிந்த குரலில் நைனாவிடம் ஏதோ சொன்னாள். அவர் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணன் கையைப் பிடித்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். சில்லை அழுத்துகிற அதே விரல். ஆனால் கெட்டி வந்துட்ச்சி என்று சொல்லவில்லை. திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே இருந்தார். ஜெயித்தவனைக் கொஞ்சுகிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது.

"நைனா, என்னுதையும் பாரு" என்று கையை நீட்டினேன்.

ஒரு தரம் அழுத்தினார். "மெத்துன்னு இருக்குதும்மா. இப்பிடியே இருக்கட்டும்" என்றார். துண்டுக்கு மேலே அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

நைனா அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. என்னால்தான் என்று பட்டதும் பொறாமையெல்லாம் போய்விட்டது. "அழாத நைனா, அடுத்த வாட்டி எனக்கும் கெட்டியா வந்துடும்" என்று அவரைத் தேற்றினேன்.

அவர் என் கையை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாவம், ரொம்ப ஏமாந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.