வாசனையே இல்லாத கேஸ்

கடற்கரை இரும்பாலையில் முதல் நாள், கேஸ் கசிந்தால் கத்துகிற மீட்டரை ஆளுக்கொன்று கொடுத்து நெஞ்சில் மாட்டச் சொன்னார்கள். எனக்கும் என் தோழி பார்வதிக்கும் பவர்ஹவுஸில் கூட்டித் துடைக்கிற வேலை. கம்போங் ராஜா என்ற மலையூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆள் குறைத்தபோது, "வாடி, கடக்கரக் காத்து வாங்கலாம்" என்று அவளை இழுத்துக்கொண்டு மலையிறங்கியவள் நான்.

சூப்பர்வைசர் செல்வம் இந்தியாவிலும் சீனாவிலும் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். இரும்பு உருக்கும் உலையிலிருந்து வரும் கேஸை முன்பெல்லாம் வீணாகக் கொளுத்தி விடுவார்களாம். இங்கே அதைக் குழாயில் பிடித்து, பாய்லரில் எரித்து, அந்த நீராவியில் டர்பைனைச் சுற்றவிட்டு கரண்ட் எடுத்தார்கள்.

"அக்கா, இந்த கேஸு விசம், ஆனா வாசன கெடையாது. மீட்டர் கத்துனா வெளிய ஓடிரணும்."

"எனக்கு மூக்கு இருக்குலா தம்பி. இருவது வருசம் டிரையர்கிட்ட நின்ன மூக்கு."

"இந்தியா மூக்கு, சீனா மூக்கு எல்லாம் பாத்துட்டேன்க்கா. கேஸு எந்த மூக்கையும் மதிக்கல."

தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கிற டிரையரின் மணி, வயர் கோளாறில் சும்மா சும்மா அடிக்கும். அதன்மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வாசத்தை வைத்தே தூளின் பதம் பார்ப்போம். கருகல் வாசம் வந்தால்தான் ஓடுவோம். அந்தத் தூள் வாசம் இன்றைக்கும் மூக்கிலேயே இருக்கிறது.

மூன்றாம் மாதம் ஒரு காலை, வால்வு ரூமைத் துடைத்துக்கொண்டிருந்தோம். என் மீட்டர் கத்தியது. உடனே அவளுடையதும் கத்தியது.

"ஓடலாமா?" என்றாள் பார்வதி.

மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"ரெண்டும் கெட்டுப்போச்சுடி. ஒரே கடச் சாமான்லா."

இரண்டையும் கழற்றித் துணியில் சுற்றி வாளிக்குள் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. பார்வதி சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன், என் முழங்கால் மடங்கியது. தவழ்ந்து வெளியே வந்து கத்தினேன். மறுபடி உள்ளே போகப் பார்த்த என்னை, ஓடிவந்த செல்வம் பிடித்துத் தள்ளினார்.

"நீங்களும் விழுந்தா யார மொதல்ல தூக்குறது? நில்லுங்க!"

காற்றுச் சிலிண்டரும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அவளைத் தூக்கி வருவதற்குள் எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் தீர்ந்துபோயின.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த பார்வதி, ஆக்ஸிஜன் மூடியை விலக்கிவிட்டுச் சொன்னாள்:

"நான் செத்தாக்கூட, வாசம் வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருப்ப."

ஆக்ஸிஜன் மூடியை மறுபடி அவள் முகத்தில் வைத்து அழுத்தினேன்.

அதன்பிறகு பேட்டரி கோளாறில் மீட்டர் சும்மா கத்தியதும் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஓடினோம். அப்படி மூச்சிரைக்க வெளியே நின்று சிரித்த காலைகள்தான் இப்போது அதிகம் நினைவுக்கு வருகின்றன.

அந்த மாதிரி வேலைக்குப் போகிற பிள்ளைகளே, முதலில் ஓடுங்கள். மீட்டர் கெட்டதா, மூக்கு கெட்டதா என்று அப்புறம் வெளியே நின்று சண்டை போடலாம். நாங்கள் இரண்டு பேரும் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.